எர்த்பவுண்ட் கேசட் வாங்கப் போகிறீர்களா? முதலில் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்

பழைய சூப்பர் நிண்டெண்டோ வீடியோ கேம் கன்சோலின் கேசட்டை இணையத்தில் வாங்க நினைப்பவர்கள், அதிலும் எர்த்பவுண்ட் என்ற ஆட்டத்தைத் தேடிக்கொண்டிருப்பவர்கள், இதைப் படித்துவிட்டு அப்புறம் பணம் அனுப்புங்கள். நான் 190 டாலர் கொடுத்து வாங்கியது போலி. அது போலி என்று தெரிய மூன்று மாதம் ஆனது. தெரியவந்த விதத்தை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

நாங்கள் இருப்பது நியூ ஜெர்சியில். மகளுக்குப் பத்து வயது. இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு நீளமான கதையை முதலிலிருந்து கடைசி வரை சேர்ந்து ஆட வேண்டும் என்று எனக்கு ஆசை. அதற்கு இதைவிடப் பொருத்தமான ஆட்டம் கிடையாது என்று இப்போதும் சொல்வேன். 1994 ஆகஸ்டில் ஜப்பானில் 'மதர் 2' என்ற பெயரில் வந்தது. எழுதியவர் ஷிகேசாட்டோ இட்டோய், விளம்பர வாசகங்கள் எழுதிப் பேர் வாங்கியவர். நிரல் வேலை சிக்கலாகி நின்றபோது அதைச் சரிசெய்து கரை சேர்த்தவர், பின்னாளில் நிண்டெண்டோவின் தலைவரான சடோரு இவாட்டா. மற்ற கதை ஆட்டங்களில் வாளும் கோட்டையும் இருக்கும் இடத்தில் இதில் பேஸ்பால் மட்டையும் ஹாம்பர்கரும் தொலைபேசியும் இருக்கும். ஆட்டத்தைச் சேமிக்க வேண்டுமென்றால் தொலைபேசியில் கதாநாயகனின் அப்பாவைக் கூப்பிட வேண்டும். அந்த அப்பா ஆட்டம் முழுவதும் குரலாகத்தான் வருவார். பையன் செலவுக்கு வங்கியில் பணம் போட்டிருப்பதாகச் சொல்லுவார்.

1995 ஜூனில் அமெரிக்காவில் எர்த்பவுண்ட் என்று வந்தபோது ஏறக்குறைய 1,40,000 பிரதிகள்தான் போனது. அன்று யாரும் சீந்தாததால்தான் இன்று இந்த விலை. விலை இப்படி இருக்கும் இடத்தில் போலியும் வந்து நிற்கும். அதை நான் யோசித்திருக்க வேண்டும்.

விற்றவரின் பக்கத்தில் நல்ல மதிப்பெண்கள் இருந்தன. கேசட்டின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டும் தெளிவான படங்கள். 'ஒரிஜினல், சேவ் ஆவதைச் சோதித்தாயிற்று' என்று எழுதியிருந்தார். சேமித்த ஆட்டம் அழியாமல் காப்பது கேசட்டுக்குள் இருக்கும் பேட்டரிதான், அது பழையதா என்று கேட்டேன். புதுசு போட்டிருக்கிறேன் என்று உடனே பதில் வந்தது. அங்கேயே நான் பிடித்திருக்க வேண்டும். பேட்டரியை மாற்றியவர் என்றால் கேசட்டைத் திறந்தவர். திறந்தவரிடம் உள்ளே ஒரு படம் எடுத்து அனுப்புங்கள் என்று கேட்பதில் என்ன கஷ்டம்? நான் கேட்கவில்லை.

ஆட்டம் தொடங்கும்போது நான்கு பிள்ளைகளுக்கும் நாய்க்கும் பெயர் கேட்கும். உனக்குப் பிடித்த வீட்டுச் சாப்பாடு என்ன என்றும் கேட்கும். மகள் ஆங்கில எழுத்தில் 'தோசை' என்று அடித்தாள். அதன்பிறகு கதாநாயகன் எப்போது வீட்டுக்குப் போனாலும் அவன் அம்மா தோசை சாப்பிடச் சொல்லுவாள், சாப்பிட்டுத் தூங்கி எழுந்தால் தெம்பு திரும்பிவிடும். முதல் தடவை அந்த வரி திரையில் வந்தபோது அவள் சமையலறைக்கே ஓடிப்போய் அவள் அம்மாவைக் கூட்டிவந்து காட்டினாள்.

வெள்ளி, சனி இரவுகளில் மட்டும் ஆடினோம். ஆரம்பத்திலிருந்தே எதிரிகள் கூட்டமாக வந்தார்கள். இந்த ஆட்டத்தில் எதிரிகள் மறைந்திருந்து பாய்வதில்லை, கண்ணுக்கு முன்னால் நடமாடுவார்கள். விண்கல் விழுந்த மலைக்குப் போகும் பாதையில் ஒன்றோ இரண்டோ நிற்க வேண்டிய இடத்தில் காக்கையும் பாம்பும் நாயுமாக ஐந்தாறு சுற்றிக்கொள்ளும். "அப்பா, இத்தனை காக்கா ஏன் வருது?" என்று கேட்டாள். பழைய ஆட்டமெல்லாம் கஷ்டமாகத்தான் இருக்கும் கண்ணு என்று சொன்னேன். அவளும் நம்பி, பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினாள். ஒரு குகையைத் தாண்ட மூன்று வாரம் ஆனது.

கடைசிச் சண்டை வரை வந்துவிட்டோம். அன்று சனிக்கிழமை, தூங்கும் நேரம் தாண்டியும் விட்டுவைத்திருந்தேன். சண்டை நடுவே படம் அப்படியே உறைந்தது. எந்தப் பொத்தானுக்கும் அசையவில்லை. வேறு வழியில்லாமல் ரீசெட் அழுத்தினேன். சேமித்த ஆட்டங்களைக் காட்டும் பக்கம் வந்தது. மூன்று இடங்களும் காலி. தோசையும் இல்லை, நாயும் இல்லை, ஒன்றுமில்லை.

"நான் ஏதாவது தப்பா அழுத்திட்டேனாப்பா?" என்று கேட்டாள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மறுநாள் தேடிப் படித்ததில் விஷயம் புரிந்தது. எர்த்பவுண்டைச் செய்தவர்கள் திருட்டு நகலைப் பிடிக்க அதற்குள்ளேயே அடுக்கடுக்காகக் கண்ணி வைத்திருக்கிறார்கள். அசல் கேசட்டில் சேமிப்புக்கான நினைவகம் 8 கிலோபைட். அந்தக் காலத்து நகலெடுக்கும் கருவிகளில் அது அதிகமாக இருக்கும். அளவு கூடியிருந்தால் இது நகல் என்று ஆட்டம் முடிவுகட்டி, திரையில் எச்சரிக்கை காட்டி நின்றுவிடும். அந்த எச்சரிக்கையை மட்டும் யாராவது நீக்கிவிட்டு ஓடவைத்தால் அடுத்த கண்ணி: எதிரிகளின் எண்ணிக்கை தாறுமாறாகக் கூடும். அதையும் சகித்துக்கொண்டு கடைசி வரை வந்தால், இறுதிச் சண்டையில் ஆட்டம் உறைந்து, சேமித்ததையெல்லாம் அழித்துவிடும். என் கேசட்டைச் செய்தவர் முதல் எச்சரிக்கையை மட்டும் எடுத்துவிட்டு மீதியை அப்படியே விட்டிருக்கிறார். 1995-இல் திருடர்களுக்கு வைத்த பொறியில் என் மகள் போய் மாட்டினாள்.

கேசட்டைத் திறக்க சாதாரண ஸ்குரூ டிரைவர் போதாது, இந்தக் கேசட்டுகளின் திருகுக்கென்றே உள்ள 3.8 மில்லிமீட்டர் கேம்பிட் என்ற முனை வேண்டும். சில டாலர்களில் கிடைக்கும். திறந்து பார்த்தேன். அசல் போர்டில் நிண்டெண்டோ பெயரும் ஆண்டும், 'எஸ்எச்விசி' என்று தொடங்கும் எண்ணும் அச்சாகியிருக்கும். அசல் கேசட்தானா என்று கன்சோல் சரிபார்க்கும் பூட்டுச் சில்லின் மேல் 'டி411' என்றிருக்கும். பேட்டரியில் உலோகத் தகடுகள் பற்றவைக்கப்பட்டு, அந்தத் தகடுகள்தான் போர்டில் இறங்கும். என்னுடையதில் எழுத்தே இல்லாத ஒரு பச்சை போர்டு. பேட்டரி அசையாமல் இருக்க மஞ்சள் டேப் ஒட்டியிருந்தது. இப்படிப்பட்ட போலிகள் பலவற்றில் 3.3 வோல்ட்டுக்கான சில்லை, 5 வோல்ட் கொடுக்கும் கன்சோலோடு நேராக இணைத்துவிடுகிறார்கள். அது தெரிந்தபிறகு அந்தக் கேசட்டை மறுபடி செருகவே எனக்கு மனசு வரவில்லை.

விற்றவருக்குப் படங்களோடு எழுதினேன். மூன்று மாதம் ஆடிவிட்டு இப்போது சொல்கிறீர்களே என்றார். திருப்பி அனுப்பும் 30 நாள் கெடு முடிந்துவிட்டது என்றார். வேறு யாரும் குறை சொல்லவில்லையாம். பிறகு 40 டாலர் தருகிறேன், மதிப்பீட்டில் எதுவும் எழுத வேண்டாம் என்று கேட்டார். வாங்க மறுத்துவிட்டேன். கார்டு கொடுத்த வங்கியில் போலிப் பொருள் என்று புகார் போட்டிருக்கிறேன். அவர்கள் இன்னும் முடிவு சொல்லவில்லை.

கடைசிச் சண்டை வரை ஆடிப்பார்த்தால்தான் போலி தெரியும் என்றால் எந்தக் கெடுவும் நமக்கு உதவாது. அதனால் கேசட் கைக்கு வந்த அன்றைக்கே திறந்து பாருங்கள். அதைவிட நல்லது, பணம் கொடுக்கும் முன்பே போர்டின் இரண்டு பக்கப் படமும் கேட்பது. ஒழுங்கான வியாபாரி அனுப்பிவிடுவார். கருவி இல்லை, திறந்தால் மதிப்பு போய்விடும் என்று இழுத்தால் விட்டுவிடுங்கள். லேபிளை நம்ப வேண்டாம், இப்போது அதை அச்சு அசலாக அடிக்கிறார்கள்.

இன்னொன்று. சில கேசட்டுகளைத் திறக்காமலே போலி என்று சொல்லிவிடலாம். ஃபைனல் ஃபேன்டஸி என்ற ஆட்ட வரிசையின் ஆறாவது பாகம் 1994-இல் அமெரிக்காவில் 'ஃபைனல் ஃபேன்டஸி 3' என்ற பெயரில்தான் விற்றது. ஆகவே லேபிளில் ஆறு என்று போட்ட ஆங்கில சூப்பர் நிண்டெண்டோ கேசட் எதுவும் அசல் இல்லை. 1995-இல் ஜப்பானில் வந்த 'செய்கென் டென்செட்சு 3' என்ற ஆட்டம் முறைப்படி ஆங்கிலத்தில் வந்தது 2019-இல்தான். அதே ஆண்டு வந்த 'டேல்ஸ் ஆஃப் ஃபேன்டேசியா' ஆங்கிலத்தில் வந்தது 2006-இல், அதுவும் கேம்பாய் அட்வான்ஸ் என்ற கைக்கருவிக்கு. இவற்றின் ஆங்கில சூப்பர் நிண்டெண்டோ கேசட் எல்லாமே யாரோ பின்னாளில் செய்தவை. ரீப்ரோ, அதாவது மறுபடி செய்த நகல், என்று சொல்லி அதற்குரிய விலைக்கு விற்பவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, வாங்குபவராவது தெரிந்து வாங்குகிறார். ஒரிஜினல் என்று சொல்லி விற்பதுதான் திருட்டு.

எர்த்பவுண்ட் 2022 பிப்ரவரியிலிருந்து நிண்டெண்டோவின் ஸ்விட்ச் கன்சோலின் இணையச் சந்தாவில் இருக்கிறது. கேசட்டைக் கையில் பிடித்து ஆட வேண்டும் என்ற என் பிடிவாதத்தை விட்டுவிட்டு, போன வெள்ளிக்கிழமை அதில் புதிதாகத் தொடங்கினோம். மகள் முதலில் வேண்டாம் என்றாள். பிறகு வந்து உட்கார்ந்து, பழைய பெயர்களையே ஒவ்வொன்றாக அடித்தாள். சாப்பாட்டுக்குத் தோசையேதான். மலைப் பாதைக்குப் போனோம். ஒரு பாம்பு நின்றது. கொஞ்ச நேரம் நகராமல் திரையையே பார்த்தாள்.

"ஒண்ணுதான் இருக்கு அப்பா" என்றாள்.