நான்கு வழிபாட்டிடங்கள், மூன்று மணி நேரம்: ஜார்ஜ் டவுனில் ஒரு ‘நல்லிணக்க நடை’

கடந்த பள்ளி விடுமுறையில் நானும் என் மனைவியும் சுங்கைப் பட்டாணியிலிருந்து பினாங்குக்குச் சென்று, ஜார்ஜ் டவுனில் வழிகாட்டி ஒருவர் அழைத்துச் செல்லும் நடைச் சுற்றுலாவில் கலந்துகொண்டோம். நடத்துபவர்களின் பெயரை எழுதப் போவதில்லை. அதே பாதையில் அதே கதையைச் சொல்லும் நடைகள் அங்கே பல உண்டு. நான் இங்கே சொல்லும் குறைகளில் பெரும்பாலானவை அவற்றுக்கும் பொருந்தும். தலைக்கு 75 ரிங்கிட், மூன்று மணி நேரம், முடிவில் நாசி கண்டார் என்ற கறிச்சோற்றுச் சாப்பாடு. மலேசியாவின் இன உறவை ஒரே காலையில் புரிந்துகொள்ளலாம் என்று விளம்பரத்தில் எழுதியிருந்தார்கள். பள்ளியில் வரலாறு நடத்துபவன் என்பதால், ஓராண்டுப் பாடத்திலும் எனக்கு அடங்காத விஷயத்தை இவர்கள் எப்படி ஒரு காலையில் அடக்குகிறார்கள் என்று பார்க்கும் ஆசையில்தான் பணம் கட்டினேன்.

காலை எட்டரைக்கு செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தின் வாசலில் ஒன்பது பேர் கூடினோம். வழிகாட்டி பினாங்கிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்மணி, ஐம்பதைத் தாண்டியவர், குரல் தெளிவு, நடை வேகம், வெயில் ஏறுமுன் எந்த நிழலில் ஆட்களை நிறுத்த வேண்டும் என்ற கணக்கு எல்லாம் கச்சிதம். 1818இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தத் தேவாலயத்தை எழுப்பியதில் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளின் உழைப்பும் உண்டு என்பதை முதல் ஐந்து நிமிடத்திலேயே சொன்னார். பல வழிகாட்டிகள் வெள்ளைத் தூண்களைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அங்கிருந்து சீனர்களின் குவான் யின் கோயில், குயின் தெருவில் 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில், 1801இல் தொடங்கப்பட்ட கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் என்று நடை போகிறது. நான்கும் சில நிமிட நடைக்குள் அடங்கிவிடுகின்றன. மாரியம்மன் கோயிலில் மட்டும் நேரம் போதவில்லை. கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பதற்குள் அடுத்த இடத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்.

என் முதல் குறை இங்கேதான் தொடங்குகிறது. நான்கு சமயத்தாரின் வழிபாட்டிடங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதையே நல்லிணக்கத்துக்குச் சான்றாக இந்த நடை நிறுத்துகிறது. அவை அருகருகே அமைந்ததற்கு முதல் காரணம், 1786இல் பிரான்சிஸ் லைட் இந்தத் தீவைக் கைப்பற்றிய பிறகு, வணிகரும் தொழிலாளரும் வந்து குடியேற வேண்டும் என்பதற்காகக் கிழக்கிந்தியக் கும்பினி ஒவ்வொரு கூட்டத்தாருக்கும் நிலம் ஒதுக்கிக் கொடுத்ததும், ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு கப்பித்தானை அமர்த்தி அவர் வழியாகவே அவர்களை ஆண்டதும்தான். அக்கம்பக்கத்தில் வாழ்ந்தவர்களிடையே நட்பு இல்லாமலில்லை. தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போகும் ரதத்தின் முன்னால் சீனர்கள் மலைமலையாகத் தேங்காய் உடைப்பதைப் பார்த்த எவரும் அதை மறுக்க மாட்டார்கள். ஆனால் இனத்துக்கு ஒரு தலைவர், தலைவர்களுக்குள் பேரம் என்ற அந்தக் கப்பித்தான் முறை, சுதந்திரத்தை ஒட்டி மலாய்க்காரர்களுக்கு அம்னோ, சீனர்களுக்கு ம.சீ.ச., இந்தியர்களுக்கு ம.இ.கா. என்று இனத்துக்கொரு கட்சியாக அமைந்த கூட்டணி அரசியலை அப்படியே நினைவூட்டுகிறது. நடையில் இதற்கு ஒரு வாக்கியம்கூடக் கிடையாது.

பள்ளிவாசலில் இருபது நிமிடம் நின்றோம். மேலாடை இரவல் கொடுக்கிறார்கள், சுத்தமாக இருக்கிறது. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களின் கப்பித்தானாக இருந்த காதர் முகைதீன் கட்டிய பள்ளி அது. ‘கெலிங்’ என்ற சொல் கலிங்கத்திலிருந்து வந்ததென்று வழிகாட்டி சொன்னார். இன்று அது எங்களைப் பார்த்துச் சொன்னால் வசைச்சொல் என்பதையும் தயங்காமல் சேர்த்துக்கொண்டார். அதற்கு மேல் போயிருந்தால் இந்த நடையின் மிகச் சிறந்த இடம் இதுவாகத்தான் இருந்திருக்கும். அரசமைப்புச் சட்டத்தின் 160ஆவது பிரிவின்படி மலாய்க்காரர் என்பவர் இஸ்லாத்தைப் பின்பற்றி, வழக்கமாக மலாய் பேசி, மலாய் வழக்காறுகளைக் கடைப்பிடிப்பவர். அவரோ பெற்றோரில் ஒருவரோ சுதந்திரத்துக்கு முன் மலாயாவிலோ சிங்கப்பூரிலோ பிறந்திருக்க வேண்டும், அல்லது அவர் சுதந்திர நாளில் அங்கே குடியிருந்திருக்க வேண்டும், அல்லது அப்படிப்பட்டவரின் வழித்தோன்றலாக இருக்க வேண்டும். வரையறையில் இரத்தம் என்ற சொல்லே இல்லை. ஒரே கப்பலில் வந்து இறங்கிய இரண்டு தமிழர்களில் பள்ளிவாசலுக்குப் போனவரின் கொள்ளுப்பேரன் இன்று மலாய்க்காரராக இருக்க முடியும். சற்றுத் தள்ளியிருக்கும் மாரியம்மன் கோயிலுக்குப் போனவரின் கொள்ளுப்பேரன் மதம் மாறாதவரை ஆக முடியாது. அந்த முதலாமவரின் உறவினர்களிலேயே இந்திய முஸ்லிம்களாகப் பதிவானவர்கள் தங்களுக்கும் பூமிபுத்ரா (மண்ணின் மைந்தர்) தகுதி வேண்டுமென்று பல காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இனம் என்பது இந்த நாட்டில் எப்படிச் செய்யப்படுகிறது என்று விளக்க அந்த இரு வாசல்களுக்கும் நடுவிலுள்ள நடைபாதை போதும்.

அடுத்து ஆர்மீனியன் தெரு, கேனன் சதுக்கம். இங்கே படம் எடுத்துக்கொள்ளப் பதினைந்து நிமிட இடைவேளை விட்டார்கள். சுவர் ஓவியங்களுக்கு முன்னால் வரிசை நின்றது. 1867 ஆகஸ்டில் இதே சந்துகளில் பத்து நாள் சண்டை நடந்தது. கீ ஹின் என்ற சீனச் சங்கமும் வெள்ளைக்கொடி என்ற முஸ்லிம் சங்கமும் ஒரு பக்கம். தோ பே கோங் என்ற சீனச் சங்கமும் சிவப்புக்கொடி என்ற முஸ்லிம் சங்கமும் மறுபக்கம். சீனனைச் சீனன் அடித்தான், முஸ்லிமை முஸ்லிம் அடித்தான். இரு தரப்பிலும் இரு இனத்தவரும் தோளோடு தோள் நின்றார்கள். வெள்ளீயமும் அபினிக் குத்தகையும் யார் கைக்குப் போகும் என்ற போட்டி அந்தச் சங்கப் பகைக்குப் பின்னால் இருந்தது. இனப் பகை ஆதிகாலத்திலிருந்து வருவது என்று நம்பும் மாணவனுக்கு நான் காட்ட விரும்பும் முதல் இடம் அதுதான். 75 ரிங்கிட் வாங்கிக்கொண்டு அதை இடைவேளையாக்கியதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இடைவேளை முடியும்போது, எங்களோடு வந்திருந்த சிங்கப்பூர்ச் சீனப் பெரியவர் ஒரு கேள்வி கேட்டார். தம் ஊரில் வீடமைப்புக் கழக வீட்டை விற்பதற்குக்கூட 1989 முதல் அந்தக் கட்டடத்தின் இன விகிதம் பார்க்கிறார்கள். உங்கள் நாட்டில் அப்படி எதுவும் இல்லாமலே இவ்வளவு ஒற்றுமையா என்றார். கேலியா வியப்பா என்று எனக்குத் தெரியவில்லை. வழிகாட்டி சிரித்துவிட்டு அடுத்த திருப்பத்தைக் காட்டினார். நான் விடாமல், 1998 மார்ச்சில் இதே தீவின் கம்போங் ராவாவில் ஒரு கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் இடையே மூண்ட தகராறைப் பற்றிக் கேட்டேன். அவர் ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு, “அண்ணே, அதெல்லாம் இங்க வேணாம். லைசென்ஸ் என்னோடது” என்று தமிழில் மெல்லச் சொன்னார்.

அந்தப் பதிலுக்காக அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1969 மே 10ஆம் தேதித் தேர்தலில் ஆளும் கூட்டணி அடிவாங்கி, இந்தப் பினாங்கு மாநிலம் எதிர்க்கட்சியாக இருந்த கெராக்கானின் கைக்குப் போய், மூன்று நாள் கழித்துக் கோலாலம்பூரில் கலவரம் வெடித்தது. அரசுக் கணக்கின்படியே 196 பேர் இறந்தார்கள். அதன் பிறகு 1971இல் செய்த அரசமைப்புத் திருத்தம், குடியுரிமை, தேசிய மொழி, மலாய்க்காரர்களின் சிறப்பு நிலை, சுல்தான்களின் இறையாண்மை ஆகிய நான்கையும் கேள்விக்குள்ளாக்குவதைத் தேச நிந்தனைக் குற்றமாக்க வழி செய்தது. நாடாளுமன்ற உறுப்பினருக்கும் அதில் விலக்கு இல்லை. அதே ஆண்டில் வந்த புதிய பொருளாதாரக் கொள்கை, 2.4 விழுக்காடாக இருந்த மலாய்க்காரர்களின் நிறுவனப் பங்குடைமையை 1990க்குள் 30 விழுக்காடாக்குவது என்று குறி வைத்தது. அயலாருக்கு 30, மற்ற மலேசியர்களுக்கு 40. அந்த நாற்பதுக்குள் சீனத் தவுக்கேயும் (முதலாளியும்) ரப்பர்த் தோட்டத்துத் தமிழரும் ஒரே கட்டத்தில் அடைக்கப்பட்டார்கள் என்பதுதான் எங்கள் சமூகத்தின் தீராத மனக்குறை; 2007 நவம்பர் 25ஆம் தேதி இண்ட்ராஃப் என்ற இந்து உரிமை அமைப்பின் பேரணியில் கோலாலம்பூர்ச் சாலைகளுக்கு வந்தது அந்தக் குறைதான். மௌனம் இப்படிச் சட்டமாகவே இருக்கும் நாட்டில், மாத வருமானத்துக்கு நடக்கும் ஒரு பெண்மணி ஒலிவாங்கியைப் பொத்தத்தான் செய்வார். இதையெல்லாம் ஒரே காலையில் புரியவைப்போம் என்று விளம்பரத்தில் எழுதியவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

பிறகு ஒரு திருப்பம். அட்டவணையில் இல்லாத சந்து ஒன்றுக்குள் அவர் எங்களை அழைத்துப் போனார். நீலக் கதவும் பழைய பூ ஓடுகளும் கொண்ட ஒரு கடைவீட்டின் முன் நின்று, கடைமுன் நடைபாதையான ஐந்தடிப் பாதையில் பதித்திருந்த ஓடுகளில் விரிசல் விட்ட ஒன்றைச் செருப்பு நுனியால் தட்டிக் காட்டி, “இது எங்க அப்பா அம்மி வச்ச இடம்” என்றார். கீழே சீனத் தச்சர், மேலே முன் அறையில் இவர்கள் குடும்பம், பின் அறையில் ஒரு மலாய்த் தபால்காரர். வாடகை மாதம் சில பத்து ரிங்கிட். 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997இல் நீக்கப்பட்டு, 1999 இறுதியோடு அவகாசமும் தீர்ந்தபோது மூன்று குடும்பங்களும் ஒரே மாதத்தில் வெளியேறின. தச்சர் பாயான் பாருவுக்கு, இவர்கள் பட்டர்வொர்த்துக்கு, தபால்காரர் சொந்தக் கிராமத்துக்கு. இன்று அந்த வீடு தங்கும் விடுதி. மூன்று இனமும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்ததைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது ஒரு வாடகைச் சட்டம் என்பதை அவர் எந்தத் தத்துவமும் இல்லாமல் எட்டு நிமிடத்தில் சொல்லி முடித்தார். 2008 ஜூலையில் யுனெஸ்கோ இந்நகரை உலக மரபுடைமை என்று அறிவித்தபோது கட்டடங்கள் நின்றன. அவற்றுக்குள் இருந்தவர்களில் பலர் போய்விட்டிருந்தார்கள். சிங்கப்பூர்ப் பெரியவர் அதற்குப் பிறகு கேள்வி கேட்கவில்லை. மூன்று மணி நேரத்தில் நான் கொடுத்த பணத்துக்கு ஈடானது அந்த எட்டு நிமிடம். அது அவர் தாமாகச் சேர்த்தது என்று பின்னர் அறிந்தேன்.

சாப்பாடு பற்றிச் சுருக்கமாக. கறி நன்றாக இருந்தது, கோழி வறண்டிருந்தது, வெண்டைக்காய் தீர்ந்துவிட்டது. எல்லா இனத்தவரும் ஒரே கடையில் உண்பதுதான் மலேசியா என்று அட்டையில் அச்சடித்துக் கொடுக்கிறார்கள். பர்மாவில் ஆட்சிப் பணியில் இருந்த ஃபர்னிவால், இத்தகைய சமூகங்களில் மக்கள் கலந்து பழகினாலும் ஒன்றாவதில்லை, சந்தையில்தான் சந்திக்கிறார்கள் என்று எழுதினார். நாசி கண்டார் கடையும் சந்தைதானே. மேசைகளைக் கவனித்தேன்: அலுவலகச் சீருடையில் வந்த ஒரே ஒரு மேசையில் மட்டும் மூன்று இனமும் கலந்திருந்தது, மற்றவற்றில் அவரவர் ஆட்களோடு அவரவர். அந்தச் சீருடை மேசையைப் பற்றி யாராவது ஒரு நடை வைத்தால் முதல் ஆளாகப் பணம் கட்டுவேன்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில விவரங்கள். வெள்ளிக்கிழமை வேண்டாம், நண்பகல் தொழுகை நேரத்தில் பள்ளிவாசலுக்குள் பார்வையாளர்கள் போக முடியாது. குடையும் தண்ணீரும் நீங்களே கொண்டு போங்கள், கழிவறை இரண்டே இடத்தில்தான். வெளிநாட்டு நண்பர்களை அழைத்துப் போக இது போதும். இந்த நாட்டிலேயே வளர்ந்தவர்களுக்கு, வழிகாட்டியிடம் முன்கூட்டியே பேசி அந்த நீலக் கதவையும் கேனன் சதுக்கத்தின் கதையையும் கட்டாயம் சேர்க்கச் சொல்லாவிட்டால் ஐந்துக்கு இரண்டரைதான் தர முடியும். நடை ஆங்கிலம், மலாய், மாண்டரின் மொழிகளில் நாள்தோறும் உண்டு. தமிழில் வேண்டுமானால் ஆறு பேர் சேர்ந்து ஒரு வாரம் முன்னதாகச் சொல்ல வேண்டுமாம். அடுத்த விடுமுறைக்கு எங்கள் பள்ளியில் இதுவரை நான்கு ஆசிரியர்கள் சேர்ந்திருக்கிறோம்.