44 வயதில் பி.எட்.: இரண்டு வருடப் படிப்பும் வகுப்பறையில் ஒரு வருடமும்

"இந்த வயசுல பி.எட். சேரலாமா?" என்று பெரம்பூரில் எனக்குத் தெரிந்த பெண்கள் பலர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பி.எஸ்சி. கணிதம் முடித்து, பாரிமுனையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வெகுகாலம் வேலை பார்த்துவிட்டு 44 வயதில் சேர்ந்தவள் நான். இப்போது ஒரு தனியார் பள்ளியில் ஆறு முதல் எட்டு வரை கணக்கு நடத்துகிறேன், ஒரு கல்வியாண்டும் ஓடிவிட்டது. படிக்கும்போது எரிச்சலாக இருந்த சில விஷயங்கள் இப்போது பயன்படுகின்றன. அப்போது பெரிதாகத் தெரிந்த சிலவற்றுக்கு இப்போது வேலையே இல்லை. அதனால் இப்போது எழுதுவதுதான் சரி.

பி.எட். சேர வயது உச்சவரம்பு கிடையாது. ஒரு வருடமாக இருந்த படிப்பை 2015-ல் இரண்டு வருடமாக்கினார்கள். சென்னையில் இருப்பவர்கள் முதலில் அரசுக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிப்பது நல்லது, கட்டணம் மிகக் குறைவு. சைதாப்பேட்டை கல்லூரியின் வரலாறு 1856 வரை போகிறது. முன்னாள் குடியரசுத் தலைவர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் ஆசிரியர் பயிற்சி பெற்றது அங்கேதான். கடற்கரைச் சாலையில் இருக்கும் லேடி வெலிங்டன் கல்லூரி 1922-ல் தொடங்கியது. சிறுவயதிலேயே கணவனை இழந்த பெண்களைத் தேடிப் படிக்க வைத்து ஆசிரியைகளாக்கிய சகோதரி சுப்புலட்சுமியின் உழைப்பு அதில் இருக்கிறது. பள்ளி வயது தாண்டிய பெண்களைப் பாடம் நடத்தப் பழக்குவது இந்த ஊரில் நூறு வருடமாக நடக்கிற காரியம். நமக்கு யாரும் புதிதாக எதையும் விட்டுக்கொடுக்கவில்லை.

நான் படித்தது ஒரு தனியார் கல்லூரியில். கூடப் படித்தவர்களுக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது. எல்லோருக்கும் நான் "அக்கா". பேராசிரியைகள் சிலர் என்னைவிட இளையவர்கள். நான் "மேடம்" என்பேன், அவர்களும் "வாங்க, போங்க" என்றே பேசுவார்கள். சேர்வதற்கு முன் நான் அதிகம் யோசித்தது இதைப் பற்றித்தான். ஆனால் முதல் மாதத்தோடு அந்தச் சங்கோஜம் போய்விட்டது.

முதல் வருடத்தில் உருப்படியாக எனக்குக் கிடைத்தது நுண்ணிலைக் கற்பித்தல். சக மாணவர்களையே பிள்ளைகளாக உட்கார வைத்து ஒரே ஒரு திறனை மட்டும் பழகுவது. 6 நிமிடம் பாடம், 6 நிமிடம் கருத்து, 12 நிமிடம் திருத்தி எழுதுவது, மறுபடி 6 நிமிடம் பாடம், 6 நிமிடம் கருத்து என்று 36 நிமிடச் சுற்று. நாடகம் போல இருக்கும். ஆனால் வினா கேட்கும் திறனைப் பழகிய வாரத்தில் எங்கள் மேடம் கையில் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு, கேள்வி கேட்ட பிறகு ஒவ்வொருவரும் எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறோம் என்று பார்த்தார். ஒருவரும் ஒன்றிரண்டு வினாடி தாண்டவில்லை. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களிலேயே இதைப் பதிவு செய்திருக்கிறார். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருக்கிறார்கள். அதை மூன்று வினாடியாக்கினால் பதில்கள் நீளமாகின்றன, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசுகிறார்கள். அலுவலகத்தில் பல வருடம் கழித்துவிட்டு வருகிறவர்களுக்கு இது இன்னும் கடினம். அங்கே சட்டென்று பதில் சொல்பவர்தான் கெட்டிக்காரர். வகுப்பில் அந்தப் பழக்கத்தை அடக்க வேண்டியிருக்கிறது.

இரண்டாம் வருடத்தில் 16 வாரம் பள்ளியில் பயிற்சி. மொத்தப் படிப்பின் மதிப்பும் எனக்கு இதில்தான் இருந்தது. வியாசர்பாடிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளி, ஏழாம் வகுப்பு. தசம எண்களில் 0.5 பெரியதா, 0.35 பெரியதா என்று கேட்டால் பாதி வகுப்பு 0.35 என்றது. 35, 5-ஐ விடப் பெரியதுதானே! ஐம்பது பைசா, முப்பத்தைந்து பைசா என்று விளக்கப் போனேன். பிள்ளைகள் முழித்தார்கள். 25 பைசா வரைக்குமான நாணயங்கள் 2011-லேயே செல்லாமல் போய்விட்டன. இந்தப் பிள்ளைகள் பைசாவையே பார்த்ததில்லை. வழிகாட்டி ஆசிரியை பின் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து, "டெய்லர் டேப் யார் வீட்ல இருக்கு?" என்று கேட்டார். மறுநாள் நான்கைந்து டேப் வந்துவிட்டது. அரை மீட்டர் என்றால் ஐம்பது சென்டிமீட்டர், 0.35 மீட்டர் என்றால் முப்பத்தைந்து. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்த பிறகு யாருக்கும் சந்தேகமில்லை.

இன்னொரு பெண் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதியிருந்தாள். மேலே மேலே கூட்டி, கீழே கீழே கூட்டிவிட்டாள். ஏன் இப்படி என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்: "மிஸ், ரெண்டு மார்க்குக்கு ஒண்ணு, மூணு மார்க்குக்கு ஒண்ணு வாங்கினா, மொத்தம் அஞ்சுக்கு ரெண்டுதானே?" மதிப்பெண் கூட்டுவதில் அவள் சொன்னது சரி. ஆனால் பின்னத்தில் அரை என்பதும் மூன்றில் ஒன்று என்பதும் ஒரே முழுமையின் பங்குகளாக இருக்க வேண்டும். அவள் வாயால் காரணம் வராமல் போயிருந்தால், நான் மீ.சி.ம. எடுக்கும் வழியைத் திரும்பச் சொல்லிவிட்டு நகர்ந்திருப்பேன். அவளும் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியிருப்பாள், அரையோடு இன்னொன்றைக் கூட்டினால் எப்படி அரையைவிடக் குறையும் என்று யோசிக்காமலே.

ரெக்கார்டு நோட்டுகள் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பாடக் குறிப்பு, உளவியல் சோதனை, அடைவுத் தேர்வு, தனியாள் ஆய்வு என்று ஒவ்வொன்றுக்கும் தனி நோட்டு, சார்ட், தெர்மாகோல். முந்தைய ஆண்டு நோட்டைப் பார்த்து எழுதுவதும், காசு கொடுத்து எழுதி வாங்குவதும் பல இடங்களில் சகஜம். இரவு பதினொரு மணிக்கு மார்ஜின் போட்டுக்கொண்டிருப்பதில் யாருக்கு என்ன பயன்? பாதியைத் தூக்கிவிடலாம். ஒரே பிள்ளையைப் பல வாரம் கவனித்து எழுதச் சொல்லும் தனியாள் ஆய்வை மட்டும் கண்டிப்பாக வைத்திருக்க வேண்டும். மற்றவற்றில் போகும் நேரத்தையும் அதற்கே கொடுக்கலாம்.

பாடங்களின் வரிசையும் எனக்கு உடன்பாடில்லை. பிள்ளைகள் எப்படிக் கற்கிறார்கள் என்று ஆராய்ந்த பியாஜே, வைகாட்ஸ்கி போன்ற உளவியலாளர்கள் எல்லாம் முதல் வருடம் பத்து மதிப்பெண் கேள்விகளாக வந்து போகிறார்கள். ஒரு பிள்ளை தனியாகச் செய்வதற்கும் துணை இருந்தால் செய்வதற்கும் நடுவில் இருக்கும் தூரத்தில்தான் கற்பித்தல் நடக்கிறது என்று வைகாட்ஸ்கி சொன்னது எனக்குப் புரிந்தது அந்த டேப் வந்த நாளில்தான். பள்ளிக்குப் போய்விட்டு வந்து இதைப் படித்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

பணம், உடம்பு இரண்டையும் மறைக்காமல் சொல்கிறேன். இப்போதைய சம்பளம் ஆடிட்டர் அலுவலகத்தில் வாங்கியதில் பாதிகூட இல்லை. நாள் முழுக்க நின்றால் குதிகால் வலிக்கிறது, தொண்டை கட்டுகிறது. வீட்டில் இன்னொரு வருமானமோ சேமிப்போ இல்லாதவர்கள் அவசரப்பட வேண்டாம்.

அரசு வேலை வேண்டுமென்றால் அப்புறம் ஆசிரியர் தகுதித் தேர்வு (டெட்) இருக்கிறது. ஆறு முதல் எட்டு வரை நடத்துபவர்களுக்கான தாள் இரண்டில் 150 கேள்வி, அதில் 30 உளவியல். பொதுப் பிரிவுக்கு 90 தேர்ச்சி மதிப்பெண், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு அதைவிடக் குறைவு. தேர்ச்சி பெற்றாலே வேலை என்று நினைக்க வேண்டாம், நியமனத்துக்குத் தனித் தேர்வு உண்டு. நியமன வயது வரம்பு பொதுப் பிரிவுக்கு 53, மற்றவர்களுக்கு 58 என்று 2023-ல் உயர்த்தியது நம்மைப் போன்றவர்களுக்குப் பெரிய ஆறுதல். 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருக்கும் பணியிலுள்ள ஆசிரியர்களும் இந்தத் தேர்வில் தேறியாக வேண்டும் என்றது. அந்த வழிகாட்டி ஆசிரியை இப்போது என்னிடம் போனில் உளவியல் சந்தேகம் கேட்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்தே படிக்கிறோம்.

சேர நினைப்பவர்கள் கட்டணம் கட்டும் முன் கல்லூரியில் ஒன்றைக் கேளுங்கள்: அந்த 16 வாரமும் எந்தப் பள்ளி, அங்கே வகுப்பில் கூட உட்கார்ந்து பார்க்கும் ஆசிரியர் யார்? கையெழுத்துப் போட்டால் போதும், வர வேண்டாம் என்று சொல்லும் இடமாக இருந்தால், வேறு கல்லூரி பாருங்கள்.