வகுப்புக்கு ஒரே வலைப்பூவா, ஆளுக்கு ஒன்றா?

மாணவர்களை வலைப்பூவில் (blog) எழுதவைக்க நினைக்கும் ஆசிரியர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான்.

செலவு: இரண்டுக்குமே இலவசத் தளங்கள் போதும்.

மேற்பார்வை:
பொது (வகுப்புக்கு ஒன்று) – வேர்ட்பிரஸ் என்ற வலைப்பூத் தளத்தில் 'பங்களிப்பாளர்' அனுமதி கொடுத்தால் மாணவர் எழுதலாம், வெளியிட முடியாது. ஆசிரியர் பார்த்த பிறகே பதிவு வெளியே போகும்.
தனி (ஆளுக்கு ஒன்று) – 40 பேர் என்றால் ஆசிரியர் 40 முகவரிகளைப் பார்க்க வேண்டும். அங்கே வரும் மறுமொழிகளையும் சேர்த்து!

ஈடுபாடு:
பொது – நன்றாக எழுதுபவர்களே இடத்தை நிரப்பிவிடுவார்கள், கூச்சப்படுபவர் ஒதுங்கிக்கொள்வார்.
தனி – பழைய பதிவுகள் வரிசையாக இருப்பதால், தன் எழுத்து எப்படி மாறியிருக்கிறது என்பதை மாணவரே பார்க்கலாம். இது ஒன்றுக்காகவே என் ஓட்டு தனிக்கு.

ஆனால் 13 வயதுக்குக் கீழ் என்றால் பொதுதான், அதுவும் முழுப்பெயர், படம் இல்லாமல். மேல்வகுப்பில் ஆண்டு முழுக்க எழுதவைப்பதாக இருந்தால் தனி. ஒரே ஒரு பாடத்திட்டப் பணிக்காக என்றால் தனி வலைப்பூ வீண் வேலை.