நீடாமங்கலம் கேட் பக்கத்து ஜெராக்ஸ் கடை: டேட்டா லீக் ஆனவங்க ஒரு தடவை போய்ட்டு வாங்க

நீடாமங்கலத்துல ரயில்வே கேட்டுக்கு கொஞ்சம் தள்ளி, ஜெராக்ஸ் ஆன்லைன் அப்ளிகேஷன்னு போர்டு போட்ட சின்ன கடை, ஒரு அக்கா நடத்துறாங்க. பேர் போடட்டுமான்னு கேட்டேன், வேணாம் தம்பி கூட்டம் தாங்காதுன்னுட்டாங்க, அதனால போடல. 5க்கு 4.5 குடுக்குறேன், அந்த அரை எங்க போச்சுன்னு கீழ சொல்றேன்.

விஷயம் என்னன்னா, அப்பா பேர்ல குடும்பத்துக்கு ஒரு ஹெல்த் இன்சூரன்ஸ் இருக்கு. அந்த கம்பெனிலேருந்து ஒரு மெயில், எங்க சர்வர்ல யாரோ புகுந்துட்டாங்க, உங்க தகவலும் போயிருக்கலாம், பாஸ்வேர்டை மாத்திக்கோங்கன்னு. அவ்ளோதான். பாஸ்வேர்டு மாத்தலாம் சரி. அம்மாவோட பித்தப்பை ஆபரேஷன் கிளைமுக்கு நாங்க குடுத்தது ஆதார், பான், கேன்சல் பண்ணின செக், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம், அதுல எதை மாத்துறது? பிறந்த தேதியை மாத்த முடியுமா? 2023ல வந்த தனிநபர் தரவு பாதுகாப்பு சட்டத்துல, ஒழுங்கா பாதுகாக்காத கம்பெனிக்கு 250 கோடி வரைக்கும் அபராதம்னு இருக்கு, ஆனா மெயில் படிக்கிற எங்கப்பாவுக்கு அதுல என்ன ஆறுதல்.

நாலே நாள்ல போன் வந்துருச்சு. அப்பா வயல்ல நிக்கிறார், சம்பா நடவு நேரம். பேசினவன் நல்ல தமிழ்ல, ஐயா அம்மாவுக்கு இப்ப உடம்பு எப்படி இருக்குன்னு ஆரம்பிச்சிருக்கான். தஞ்சாவூர்ல எந்த ஆஸ்பத்திரி, எந்த தேதி டிஸ்சார்ஜ், பாலிசி நம்பர் எல்லாம் கரெக்டா சொல்லிட்டு, கிளைம்ல 18,400 ரூபா பாக்கி நிக்குது, ஒரு ஓடிபி வரும் அதை மட்டும் சொல்லுங்கன்னு. கையில சேறுங்கறதால மெசேஜை தொறக்க முடியல, வீட்டுக்கு போயி சொல்றேன்னு வச்சுட்டார். அந்த சேறுதான் காப்பாத்துச்சு. "நம்ம வீட்டு ஆளு மாதிரி சொன்னாரேப்பா"ன்னு ராத்திரி அப்பா சொன்னப்ப எனக்கு வயித்தை கலக்கிடுச்சு. லீக்கோட ஆபத்தே இதான், திருடன் உங்களை தெரிஞ்சவன் மாதிரி வருவான்.

சனிக்கிழமை அப்பாவை கூட்டிக்கிட்டு அக்கா கடைக்கு போனேன். அக்கா சிஸ்டத்தை தொடவே இல்ல, முதல்ல என்னென்ன பேப்பர் குடுத்தீங்கன்னு கேட்டு ஒரு பழைய பில் பின்னாடி எழுதினாங்க, ஆதார் பான் செக்குன்னு, ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல என்ன செய்யணும்னு.

ஆதார்ல கைரேகை லாக்தான் முதல் வேலைன்னாங்க. எங்க ஊர்ல நிறைய பேர் கடையில விரல் வச்சே பேங்க் பணம் எடுக்குறாங்க, அதுக்கு ஓடிபி கெடயாது, ஆதார் நம்பரும் ரேகையும் இருந்தா போதும், எங்கேயாவது ரேகையை காப்பி எடுத்து வச்சிருந்தான்னா கணக்கு காலி. மை ஆதார் சைட்டுல பயோமெட்ரிக் லாக் போட்டுட்டா விரல், கண், முகம் எதுவும் வேலை செய்யாது, தேவைப்படும்போது தற்காலிகமா தொறந்துக்கலாம். போட 2 நிமிஷம்தான் ஆச்சு. அப்படியே அதே சைட்டுல கடந்த 6 மாசத்துல அப்பா ஆதாரை யாரு யாரு சரிபார்த்தாங்கன்னு ஹிஸ்டரி காமிச்சாங்க, ரேஷன், பேங்க் தவிர வேற எதுவும் இல்ல, அப்பதான் எனக்கு மூச்சே வந்துச்சு.

அப்புறம் சஞ்சார் சாத்தி, நம்ம பேர்ல எத்தனை சிம் ஓடுதுன்னு காட்டுற அரசாங்க சைட்டு. அப்பா பேர்ல 3 இருந்துச்சு, ஒண்ணு அப்பாது, ஒண்ணு அம்மாது, மூணாவது யாருதுன்னே தெரியல! இது என் நம்பர் இல்லன்னு அங்கயே புகார் போட்டாச்சு. அந்த மோசடி போன் காலையும் அதே சைட்டுல சக்ஷுங்கிற இடத்துல பதிஞ்சோம். பணம் போயிருந்தா மட்டும் பேங்க்குக்கு ஓடுறதுக்கு முன்னாடி சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்கு போன் அடிங்க தம்பி, பணம் அடுத்த கணக்குக்கு தாண்டுறதுக்குள்ள நிறுத்தணும்னாங்க. நம்ம கடன் விவரத்தை பதிஞ்சு வைக்கிற சிபில் மாதிரி 4 கம்பெனி இருக்கு, ஒவ்வொண்ணும் வருஷத்துக்கு ஒரு ரிப்போர்ட் ஓசியில குடுக்கணும், அதனால 3 மாசத்துக்கு ஒண்ணா மாத்தி மாத்தி பாருங்க, பான் போயிருக்குல்ல, உங்கப்பா பேர்ல யாராச்சும் லோன் வாங்கியிருந்தா அதுல தெரிஞ்சுரும்னாங்க. இது எனக்கே புதுசு.

எனக்கு ரொம்ப புடிச்சது இதான். பாஸ்வேர்டு அடிக்கணும்னு வந்தப்ப கீபோர்டை என் பக்கம் தள்ளிட்டு, நீங்களே டைப் பண்ணுங்கன்னு சொல்லி நாற்காலியோட சுவரை பாத்து திரும்பிக்கிட்டாங்க. வேலை முடிஞ்சதும் டவுன்லோட் ஃபோல்டரை தொறந்து அப்பா ஃபைலை அழிச்சு, ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணி, மானிட்டரை எங்க பக்கம் திருப்பி பாத்துக்கங்கன்னாங்க. மத்த கடைங்கள்ல என்ன பண்றோம், வாட்ஸப்ல ஆதாரை அனுப்பி பிரிண்ட் எடுத்துட்டு வந்துர்றோம், அது அந்த சிஸ்டத்துல வருஷக்கணக்கா கெடக்குது. இங்க வாட்ஸப்ல வாங்குறதே கெடயாது. ஆதார் காப்பி கேட்டா கடைசி 4 நம்பர் மட்டும் தெரியுற மாஸ்க்டு ஆதார் போதுமான்னு கேக்குறாங்க, முழுசா வேணும்னா மேல குறுக்கால எந்த வேலைக்கு, எந்த தேதின்னு எழுதச் சொல்றாங்க. லட்சக்கணக்கான பேர் பேப்பரை வாங்கி வச்சிருக்கிற கம்பெனி செய்யாததை ஒரே ஒரு பிரிண்டர் வச்சிருக்கிற இந்த அக்கா செய்யிறாங்க. மொத்தம் 80 ரூபா வாங்கினாங்க.

குறைன்னு பாத்தா உக்கார ஒரே ஸ்டூல். பயிர் காப்பீட்டுக்கு கடைசி தேதி நெருங்குனா பக்கத்துலயே போக முடியாது, ஞாயித்துக்கிழமை லீவு. ஆனா அரை ஸ்டார் அதுக்காக போகல. லாக் போட்டா ரேஷன்லயும் ரேகை ஏறாதுன்னு அக்கா சொல்லவே இல்ல. அடுத்த வாரம் அப்பா அரிசி வாங்க போய் மிஷின்ல விரலை வச்சு வச்சு பாத்திருக்கார், பின்னாடி வரிசை நிக்குது, எனக்கு போன் பண்ணினார். லாக் போட்டவங்க ரேஷனுக்கு கெளம்பும்போதே தொறந்துட்டு போங்க.

அன்னிக்கு நான் திருவாரூர் ஆபீஸ்லேருந்தே லாக்கை தொறக்க மை ஆதார்ல போட்டேன், ஓடிபி அப்பா போனுக்கு போச்சு. சொல்லுங்கப்பான்னேன். சொல்ல மாட்டேன்னுட்டார். வச்சுட்டு, போன்ல என் பேரை தேடி அவரே திருப்பி கூப்பிட்டு, "நீதானே?"ன்னு கேட்டுட்டுதான் 6 நம்பரையும் சொன்னார்.