மணப்பாடு: கோயிலோடு திரும்பிவிடாதீர்கள்

திருச்செந்தூரில் முருகனைக் கும்பிட்டுவிட்டு உவரி, கன்னியாகுமரி என்று போகிறவர்கள் நடுவில் மணப்பாட்டுக்கு அரை மணி நேரம் கொடுக்கிறார்கள். மணல்குன்றின் மேலே சிலுவைக் கோயில், கீழே கடல், நாலு படம், உடனே வண்டியில் ஏறு. எனக்கு இது மனசு கேட்கவில்லை. திருச்செந்தூரிலிருந்து சுமார் 18 கிலோமீட்டரில் இருக்கும் இந்த ஊருக்கு ஒரு காலைப்பொழுது முழுசாக வேண்டும்.

விடிந்ததும் போய்விடுங்கள். குன்று கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்பதால் ஒரு பக்கம் அலை அடங்கிக் கிடக்கிறது. படகுகள் கரையேறுவது அங்கேதான். வலையிலிருந்து சாளை மீனை உதறுகிறவர்கள், ஐஸ் பெட்டியோடு நிற்கும் வியாபாரிகள், மணலிலேயே நடக்கும் ஏலம். ஏலத்தில் விலை ஏறும் வேகத்துக்கு என் காது ஓடவில்லை. அத்தையையும் கூட்டிப் போயிருந்தேன். வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர் அவரைப் பார்த்து, "ஆச்சி, வெயில்ல நிக்காதிய, இங்கன நெழலுக்கு வாங்க" என்று படகோரமாக இடம் ஒதுக்கிக் கொடுத்தார். அத்தை அங்கே உட்கார்ந்து கண்ணி பிடிப்பதிலிருந்து ஈயக்குண்டு கட்டுவது வரை கேட்டுத் தீர்த்துவிட்டார். அவரும் சலிக்காமல் பதில் சொன்னார். இந்த ஊரில் எனக்குப் பிடித்த இடம் எது என்றால் அந்தப் படகோரம்தான். ஒன்று மட்டும்: வலையை மிதிக்காதீர்கள், படம் எடுக்குமுன் கேளுங்கள். அது அவர்கள் வேலை செய்கிற இடம்.

பிறகு குன்றேறலாம். புயலில் தப்பிய போர்த்துகீசியக் கப்பலொன்றின் பாய்மரத்தில் செய்த சிலுவையை இங்கே நட்டார்கள் என்பது ஊர் சொல்லும் கதை. திருச்சிலுவை ஆலயம் எழுந்தது 1581-இல். கடல் பார்த்த சரிவில் மதம் பரப்ப வந்த பாதிரியார் புனித சவேரியார் தங்கிய குகை இருக்கிறது. 1542-இல் முத்துக்குளித்துறை என்ற இந்தக் கடலோரப் பகுதிக்கு வந்தவர், தமிழில் பெயர்த்த செபங்களை மனப்பாடம் செய்துகொண்டு, தெருத்தெருவாக மணியடித்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுத்தார். 1544-இல் மணப்பாட்டிலிருந்தே கடிதங்கள் எழுதியிருக்கிறார். கடல் இத்தனை பக்கத்தில் இருந்தும் குகைக் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிப்பதில்லை. கடலோரத்திலேயே நல்ல தண்ணீர் ஊறும் திருச்செந்தூர் நாழிக்கிணற்றில் குளித்துவிட்டு வருகிறவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்.

ஊருக்குள்ளும் நடங்கள். இலங்கை வியாபாரம் செழித்த காலத்தில் கட்டிய பெரிய வீடுகள், உயரமான திண்ணைகள், பல பூட்டியே கிடக்கின்றன. அப்படி ஒரு வீட்டின் காரை உதிர்ந்து கிடப்பதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

பனையோலைப் பொருள் கட்டாயம் வாங்குங்கள். ஊர்ப் பெண்கள் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து பின்னுகிறார்கள். குருத்தோலையைக் கிழித்து, சாயமேற்றி, மூடி கச்சிதமாகப் பொருந்தும்படி முடைகிறார்கள். நான் வாங்கிய மூடிபோட்ட பெட்டியில் கருப்பட்டி வைத்திருக்கிறேன். எறும்பு எட்டிப் பார்க்கவில்லை. பேரம் பேசாதீர்கள், அந்த வேலைக்கு அந்த விலை குறைவுதான்.

குறைகளையும் சொல்ல வேண்டும். கடற்கரையில் பெண்கள் போக நல்ல கழிப்பறை எங்கள் கண்ணில் படவில்லை. வயசானவர்களோடு வருகிறவர்களுக்கு இது பெரிய தொல்லை. அத்தை அதற்காகவே தண்ணீர் குடிக்காமல் இருந்தார். நல்ல சாப்பாட்டுக்கும் வழியில்லை. கரையில் துள்ளும் மீனைப் பார்த்துவிட்டு, நெடுஞ்சாலையில் ஒரு கடையில் ஐஸில் கிடந்து நைந்த மீனைக் கொள்ளை விலைக்குச் சாப்பிட்டோம். ஊர்ப் பெண்கள் நாலு பேர் சேர்ந்து சாளைக் குழம்பும் சோறும் போட்டால் நான் அதற்காகவே வருவேன். ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். பிடித்துவைத்த அந்த ஒன்று முழுக்கக் கழிப்பறைக்கு.

ஞாயிற்றுக்கிழமை போனால் ஏலம் கிடையாது. அன்றைக்குக் கடலுக்குப் போக மாட்டார்கள். செப்டம்பர் 14 ஆலயத் திருவிழாவை ஒட்டி வண்டி நிறுத்தக்கூட இடம் கிடைக்காது. சாதாரண வாரநாளில், ஒரு பாட்டில் தண்ணீரும் தொப்பியுமாக ஏழு மணிக்குள் கரையில் இருங்கள்.