‘ட்ராஷுக்கு அனுப்பவா’ன்னு கேட்டுட்டு மொத்தமா அழிச்சுப்புடுற போட்டோ சாஃப்ட்வேர் – ஏழு மாசம் யூஸ் பண்ணிட்டு எழுதுறேன்

பாம்பன்ல சின்னதா ஒரு ஸ்டுடியோ வச்சிருக்கேன். காதுகுத்து, சடங்கு, கல்யாணம், நடுவுல ஆதார் ஜெராக்ஸ், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, இப்படித்தான் பொழப்பு ஓடுது. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலம், 61 நாள் விசைப்படகெல்லாம் கரையில கெடக்கும், ஆளுங்க வீட்டுல இருப்பாங்க, அதனால எனக்கு அந்த ரெண்டு மாசம்தான் ஃபங்ஷன் ஜாஸ்தி. ஒரு ஃபங்ஷனுக்கு ஆயிரம் போட்டோவுக்குக் கொறையாது. அதுல கண்ணு மூடுனது, ஆடுனது, யாரோ குறுக்க வந்ததுன்னு பாதி கழிஞ்சு போகும். இத வெரசா கழிக்கத்தான் இந்த சாஃப்ட்வேர எறக்குனேன்.

பேர் சொல்லல. திட்டி எழுதுறேன்னு பயந்து இல்ல, இதே புத்தி இருக்குற சாஃப்ட்வேர் இது ஒண்ணு மட்டும் இருக்காதுங்கறதால. நீங்க எத வச்சிருந்தாலும் கீழ சொல்ற சோதனைய ஒரு தடவ போட்டுப் பாத்துருங்க.

மொதல்ல நல்லத சொல்லிடுறேன். காசு கெடையாது. நெட்டே வேணாம், எங்க பக்கம் காத்து கொஞ்சம் பலமா அடிச்சா நெட்டு போயிரும், அப்பவும் இது பாட்டுக்கு ஓடும். ரா ஃபைல, அதாவது கேமரா பதப்படுத்தாம அப்படியே குடுக்குற பெரிய ஃபைல, வேற எதுலயாச்சும் தொறந்தா ஒவ்வொண்ணுக்கும் மூச்சு வாங்கும், இதுல அம்பு கீய அமுக்கிப் புடிச்சா சர்ருன்னு ஓடுது. முகத்த வச்சுப் பிரிக்கிறதும் பரவாயில்ல, ஒரு தடவ அண்ணன் தம்பி ரெண்டு பேரையும் ஒரே ஆளுன்னு சேத்துருச்சு, வீட்டுக்காரங்ககிட்ட காட்டுனா அவங்களே ஆமாங்க நாங்களும் மாத்தித்தான் கூப்புடுவோம்னு சிரிச்சாங்க. ஏழு மாசம் இதால ஒரு தொந்தரவும் இல்ல. அதான் நம்பிட்டேன்.

அப்பறம்தான் தங்கச்சிமடத்துல அந்தக் காதுகுத்து. 1126 போட்டோ, எல்லாமே ராவும் சாதாரண ஜேபெக் படமும்னு ஜோடி ஜோடியா. கடையில ரெண்டு கம்ப்யூட்டர், பழசுல 1 டிபி ஹார்ட் டிஸ்க் இருக்கு, போட்டோ எல்லாம் அதுல, புதுசுல உக்காந்துதான் வேலை. பழசோட ஃபோல்டர நெட்வொர்க் வழியா ஷேர் போட்டு புதுசுல இசட் டிரைவா வச்சிருக்கோம், முக்காவாசி ஸ்டுடியோவுல இப்படித்தான் இருக்கும். கடையில இருக்குற பய கழிசல எல்லாம் ரிஜெக்ட் மார்க் பண்ணிட்டு, ஃபில்டர் போட்டு, எல்லாத்தையும் செலக்ட் பண்ணி டிலீட் அமுக்கிருக்கான். ஃபில்டர் போட்டதா நெனச்சிருக்கான், போடல. ‘1126 படங்களை ட்ராஷுக்கு அனுப்பவா?’ன்னு கேட்ருக்கு. நம்பர எவன் படிக்கிறான், ட்ராஷுக்குத்தானே, ஓகே.

தப்பு எங்க பக்கமும் இருக்கு, இல்லைங்கல. ஆனா மனுசன் தப்பு பண்ணுவான்னு தெரிஞ்சுதானே, அழிச்சத திரும்ப எடுத்துக்க ட்ராஷுன்னு ஒண்ண வச்சாங்க, விண்டோஸ்ல அதுக்குப் பேரு ரீசைக்கிள் பின்.

அவன் எங்கிட்ட சொன்னது மறுநாள் சாயந்தரம். “அண்ணே, ரீசைக்கிள் பின்ல எடுத்துக்கலாம்னு இருந்தேன், அங்க ஒண்ணுமில்லண்ணே.” அதுக்குள்ள அடுத்த ஃபங்ஷன் போட்டோ 20 ஜிபி அதே டிஸ்க்குல ஏத்தியாச்சு, கார்டையும் ஃபார்மட் பண்ணி அதுலயே அந்த ஃபங்ஷனையும் எடுத்தாச்சு. எனக்கு கை காலெல்லாம் வெலவெலத்துப் போச்சு. காதுகுத்துல புள்ளைய மடியில வச்சிருந்த தாய்மாமன் சவூதிலேருந்து பத்து நாள் லீவுல வந்தவரு, அவரு ஃப்ளைட் ஏறியாச்சு. காதும் குத்தியாச்சு. திரும்ப வாங்க எடுப்போம்னு சொல்ற விசயமா இது?

மொதல்ல, செஞ்சத திருப்புற கண்ட்ரோல் இசட் கீய போட்டுப் பாத்தேன். இங்கதான் இந்த சாஃப்ட்வேர் இன்னொரு கூத்து பண்ணுச்சு. போட்டோ எல்லாம் திரும்ப வந்துருச்சு! அத்தனையும் வரிசையா சின்னச் சின்னப் படமா தெரியுது, பயலுக்கு அழுகையே வந்துருச்சு சந்தோசத்துல. ஒண்ணத் தட்டுனா ‘ஃபைல் கிடைக்கவில்லை’. அது தனக்குன்னு ஒளிச்சு வச்சிருக்குற தம்ப்நெயில காட்டிருக்கு, அவ்வளவுதான், ஒரிஜினல் இல்ல. செத்தவங்க வீட்டுல மாட்டி வச்ச போட்டோ மாதிரி.

உடனே பழைய கம்ப்யூட்டர ஆஃப் பண்ணேன். நான் பண்ண உருப்படியான வேலை அது ஒண்ணுதான். ஃபைல அழிச்சா டிஸ்க்குல இருந்து அது ஒடனே போயிடாது, இந்த எடம் காலின்னு குறிச்சு வச்சுக்கும், அடுத்து யாராச்சும் அந்த எடத்துல எழுதுற வரைக்கும் உள்ள அப்படியேதான் கெடக்கும். ஆனா இது சுத்துற ஹார்ட் டிஸ்க்குக்கு மட்டும். சுத்தாத புது வகை டிஸ்க்கு, எஸ்எஸ்டியா இருந்தா ட்ரிம்னு ஒரு வேலை நடக்கும், அழிச்ச எடத்த அதுவே பின்னாடி தொடச்சு வச்சுக்கும், அப்பறம் எந்தக் கொம்பனாலயும் எடுக்குறது கஷ்டம். பழசுல எஸ்எஸ்டி போடணும்னு ஒரு வருசமா நெனச்சுக்கிட்டு காசு இல்லாம தள்ளிப் போட்டேன், அந்த வறுமைக்கு இப்ப ஒரு கும்புடு.

டிஸ்க்க கழட்டி வேற கம்ப்யூட்டர்ல மாட்டி, மொதல்ல டெஸ்ட்டிஸ்க்னு அழிஞ்சத மீட்குற சாஃப்ட்வேர ஓட்டுனேன், கறுப்பு ஸ்க்ரீன்ல வெறும் எழுத்தா வரும், பாக்க பயமா இருக்கும், ஆனா என்டிஎஃப்எஸ்ங்கற விண்டோஸ் முறையில ஃபார்மட் பண்ண டிஸ்க்குல அழிஞ்சத பேரோட காட்டும். அதுல பாதிக்கு மேல பேரோடயே வந்துச்சு. மிச்சத்துக்கு அது கூடவே வர்ற ஃபோட்டோரெக். ரெண்டுமே கிறிஸ்டோஃப் கிரெனியேன்னு ஒருத்தர் எழுதுனது, இலவசம், எல்லாரும் பாக்குற மாதிரி கோடையும் தொறந்து வச்சிருக்காரு. ஃபோட்டோரெக் பேரு, ஃபோல்டர் எதையும் பாக்காது, டிஸ்க்க மொதல்லேருந்து கடைசி வரைக்கும் படிச்சுக்கிட்டே போயி, ஜேபெக் இப்படித்தான் ஆரம்பிக்கும், ரா இப்படித்தான் ஆரம்பிக்கும்னு தலைய வச்சே அடையாளம் கண்டுபுடிச்சு அள்ளும். எடுத்தத அதே டிஸ்க்குல மட்டும் சேவ் பண்ணிடாதீங்க, மீட்குற போட்டோவே மீட்க வேண்டிய போட்டோ மேல உக்காந்துக்கும். ‘ஃப்ரீ’ன்னு ஒரு ஆப்ஷன் வரும், அதக் குடுத்தா காலி எடத்த மட்டும் தேடும், நேரம் மிச்சம்.

ராத்திரி ஓட விட்டுட்டு அங்கயே படுத்துட்டேன். ரெண்டு மணிக்கு கரண்ட் போச்சு. யூபிஎஸ் கால் மணி நேரம் தாங்கும், அதுக்கப்பறம் அதுவும் போச்சு. சோலி முடிஞ்சதுன்னு நெனச்சேன், காலைல தொறந்தா பழைய வேலைய விட்ட எடத்துலேருந்து தொடரவான்னு கேக்குது! காசு வாங்காம எவரோ எழுதுன சாஃப்ட்வேருக்கு எங்க ஊரு கரண்ட் பத்தி தெரிஞ்சிருக்கு.

பேர் போயிரும், எஃப் போட்டு வெறும் நம்பரா வரும், தம்ப்நெயிலும் தனியா டி போட்டு கலந்து வரும், அதெல்லாம் உக்காந்து பொறுக்கணும். ஆனா எடுத்த தேதியும் நேரமும் போட்டோவுக்குள்ளயே இருக்குறதால அதப் படிக்கிற எக்ஸிஃப்டூல்ங்கற சாஃப்ட்வேர்ல, நேரத்த வச்சே பேர் மாத்தி வரிசையாக்கிட்டேன். கணக்கு முடிச்சப்ப 37 போட்டோ வரவே இல்ல, 9 போட்டோ பாதி சாம்பல் கலரா வந்துச்சு, அடுத்த ஃபங்ஷன அதுக்கு மேல ஏத்துனோம்ல, அது. மாமன் மடியில காது குத்துற போட்டோவுல ரா ஃபைல் நாசம், ஜேபெக் முழுசா இருந்துச்சு. ரெண்டா எடுக்குறது எடத்த அடைக்குதுன்னு இனிமே வாய தொறக்க மாட்டேன்.

சரி, ஏன் இப்படி ஆச்சு. மொதல்ல ரீசைக்கிள் பின் மேலதான் சந்தேகம். அத ரைட் கிளிக் பண்ணி ப்ராப்பர்டீஸ் போனா ஒவ்வொரு டிரைவுக்கும் தனித்தனியா அளவு இருக்கும், கீழ பின்னுக்கு அனுப்பாம உடனே அழின்னும் ஒரு ஆப்ஷன் இருக்கும், அத யாராச்சும் தட்டி விட்ருந்தா கத முடிஞ்சது. பாத்தேன், எல்லாம் ஒழுங்கா இருந்துச்சு. சாஃப்ட்வேர் செட்டிங்ஸ்ல ‘சிஸ்டம் ட்ராஷ் பயன்படுத்து’ன்னு டிக் போட்டுத்தான் இருந்துச்சு.

அப்பறம் ஒரு காக்கா போட்டோவ எடுத்து அஞ்சு காப்பி போட்டேன். சி டிரைவுல ஒண்ணு, டி டிரைவுல ஒண்ணு, யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க்குல ஒண்ணு, பென் டிரைவுல ஒண்ணு, இசட்ல ஒண்ணு. அஞ்சையும் சாஃப்ட்வேர் உள்ளேருந்தே டிலீட் பண்ணி, ஒவ்வொரு தடவையும் ரீசைக்கிள் பின்ன தொறந்து பாத்தேன். மொத மூணு காக்காவும் பின்ல உக்காந்திருக்கு. பென் டிரைவ் காக்காவும் இசட் காக்காவும் பறந்தே போச்சு. விசயம் என்னன்னா நெட்வொர்க் டிரைவுக்கும் பென் டிரைவ், மெமரி கார்டு மாதிரி கழட்டி மாட்டுறதுக்கும் விண்டோஸ்ல ரீசைக்கிள் பின்னே கெடையாது. பழைய கம்ப்யூட்டரோட பின்ல போயி விழும்னு நெனச்சேன், அங்கயும் விழாது, நெட்வொர்க் வழியா அழிச்சா அழிச்சதுதான்.

இத சப்போர்ட்டுக்கு எழுதிப் போட்டேன். நாலு நாள் கழிச்சு பதில், இது ஆப்பரேட்டிங் சிஸ்டத்தோட கட்டுப்பாடு, எங்க கோளாறு இல்லன்னு. இங்கதான் எனக்குப் பத்திக்கிட்டு வருது. பின் இல்லங்கறது விண்டோஸ் விசயம், ஒத்துக்குறேன். ஆனா அதே இசட் காக்காவ விண்டோஸோட ஃபோல்டர்லயே போயி டிலீட் குடுத்தா நிரந்தரமா அழிக்கவான்னு வேற மாதிரி கேக்குதுல்ல? ஒரு சாஃப்ட்வேர் விண்டோஸ்கிட்ட அழிக்கச் சொல்லும்போது திரும்ப எடுக்குற மாதிரி அழின்னு கேக்கலாம், அது முடியலன்னா ஆளுகிட்ட எச்சரிக்கை காட்டுன்னும் கேக்கலாம், ஒரு கேள்வியும் கேக்காம முடின்னும் சொல்லலாம், மூணுக்கும் வழி இருக்கு. இவங்க மொதலாவதையும் மூணாவதையும் சேத்துச் சொல்லிட்டு நடுவுல உள்ளத விட்டுட்டாங்க போல. அப்படி விட்டா பின் இருந்தா பின்னு, இல்லாட்டி சத்தமில்லாம காலி. ஸ்க்ரீன்ல கேக்குற பெட்டியில மட்டும் எல்லா எடத்துலயும் ‘ட்ராஷுக்கு அனுப்பவா’. அனுப்ப ட்ராஷே இல்லாத எடத்துல எங்க அனுப்புற?

அழிக்கட்டும், நான் வேணாங்கல. எரிக்கப் போறேன்னு சொல்லிட்டு எரி.

அன்னைக்கு காக்கா சோதனை முடிஞ்சதும் மொத வேலையா ‘பழைய பாலம்’ ஃபோல்டரத்தான் தொறந்து பாத்தேன். 1914ல தொறந்த பாம்பன் ரயில் பாலம், நடு வாசல் ரெண்டு பக்கமும் தூக்கி கப்பல் போறதையும், ரயில் தண்ணி மேல ஊர்ந்து வர்றதையும் பத்து வருசமா எடுத்து வச்சிருக்கேன். 2022 டிசம்பர்ல அதுல ரயில நிறுத்திட்டாங்க, 2025 ஏப்ரல்ல புதுப் பாலம் வந்துருச்சு. இனிமே அத எங்க போயி எடுக்குறது. நல்லவேளை டி டிரைவுல பத்திரமா இருந்துச்சு, அன்னைக்கே ரெண்டு டிஸ்க்குல காப்பி போட்டு ஒண்ண வீட்டு பீரோவுல வச்சுட்டேன். கடையில உப்புக்காத்து, கார்டு ரீடர் உள்ள இருக்குற கம்பியே பச்ச பூத்துப் போகுது, டிஸ்க்க அங்க நம்ப முடியல.

சாஃப்ட்வேர தூக்கிப் போட்டுட்டேனான்னா இல்ல, வேகத்துக்கு இன்னும் அதான். ஆனா இசட் ஷேருக்கு இப்ப படிக்க மட்டும்தான் அனுமதி. ரிஜெக்ட் பண்ணத நான்தான் பழைய கம்ப்யூட்டர்ல உக்காந்து ‘கழிசல்’னு ஒரு ஃபோல்டருக்கு மாத்துவேன், ஆல்பம் குடுத்து பாக்கி காசு வந்தப்பறம்தான் அதுல கை வைப்பேன், கார்டு ஃபார்மட்டும் அப்பறம்தான். இதுல ஒரு தொல்லை, சாஃப்ட்வேரால ஸ்டார், டேக் எதையும் போட்டோ பக்கத்துல எழுதி வைக்க முடியாது, தன் டேட்டாபேஸ்ல மட்டும்தான் வச்சுக்கும். பரவாயில்ல.

ரெண்டு ஸ்டார் குடுக்குறேன், வேகத்துக்கு ஒண்ணு, நெட் இல்லாம ஓடுறதுக்கு ஒண்ணு. போன வாரம் புது வெர்ஷன் வந்துச்சு, டிலீட் பெட்டிய மாத்திருக்கோம்னு ஒரு வரி போட்ருக்காங்க. நேத்து பய பழக்கதோசத்துல டிலீட்ட அமுக்கிட்டு “அண்ணே, அனுமதி இல்லங்குது”ன்னு கத்துனான், அப்படியே இருக்கட்டும்டான்னுட்டேன். ஞாயித்துக்கெழம கடை லீவு, அன்னைக்கு காக்காவ திரும்ப எறக்கணும்.