பட்டன் தேயாத டயரை நம்பி விழுந்தோம்: செங்கோட்டை, புளியரைப் பக்கம் பைக் ஓட்டுகிறவர்கள் கவனத்துக்கு

தென்காசி, செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு பக்கம் பைக் ஓட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கடைப் பெயரை எழுதவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது இன்னும் முடியவில்லை. கடை எது என்பதைவிட, அங்கே நடந்தது எந்தக் கடையிலும் நடக்கலாம் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

எனக்கு ஆரியங்காவில் ஒரு கடையில் கணக்கு எழுதும் வேலை. வீடு செங்கோட்டையில். வாரத்துக்கு ஆறு நாள் புளியரை எஸ் வளைவு ஏறி, கோட்டைவாசல் தாண்டிப் போய், ராத்திரி அதே வழியில் இறங்கி வருவேன். ஒன்பது வருஷமாக ஒரே பல்சர் 150 தான். மே மாதக் கடைசியில் பின் டயர் மொட்டையாகிவிட்டது. ஜூன் வந்தால் சாரல் பிடித்துக்கொள்ளும், அதற்குள் மாற்றிவிடலாம் என்று ஒரு டயர் கடைக்குப் போனேன்.

100/90-17 சைஸ் கேட்டேன். கடைக்காரர் உள்ளே போய் ஒரு டயரை உருட்டிக்கொண்டு வந்தார். கறுகறுவென்று மின்னியது. பட்டன், அதாவது ரோட்டைத் தொடும் ரப்பர் மேடுகள் முழுசாக, ரப்பர் முடியெல்லாம் முள்ளுமுள்ளாக அப்படியே நீட்டிக்கொண்டிருந்தது. பட்டன் நடுவில் புது டயருக்கே உள்ள கலர் கோடும் இருந்தது. "எந்த வருஷத்து டயர்ணே?" என்று நான் கேட்டேன். கேட்காமல் வாங்கவில்லை. அவர் சொன்னது: "போன வருஷம் வந்த ஸ்டாக் சார். ஒரு கிலோமீட்டர்கூட ஓடாதது. பழைய ஸ்டாக்குன்னு உங்களுக்கு 200 ரூபா குறைச்சுத் தாரேன்."

'வந்த' ஸ்டாக் என்றுதான் சொன்னார், 'செய்த' ஸ்டாக் என்று சொல்லவில்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. பின்னால் விசாரித்தபோதுதான் தெரிந்தது: வேறொரு கடை மூடும்போது அதன் குடோனில் கிடந்த டயர்களை இவர் மொத்தமாக அள்ளியிருக்கிறார். அவர் கடைக்கு வந்தது போன வருஷம்தான். ஆனால் அந்த டயர் கம்பெனியில் செய்யப்பட்டு எட்டு வருஷம் ஆகப்போகிறது.

2,300 ரூபாய் கொடுத்தேன். மாட்டிவிட்ட பையன், "புது டயர் முதல்ல கொஞ்சம் வழுக்கத்தான் செய்யும், நூறு கிலோமீட்டர் ஓட்டினா சரியாயிரும்" என்றான். இது பொய் இல்லை. எந்தப் புது டயரும் மேல்பரப்பு தேயும் வரை கொஞ்சம் வழவழப்பாகத்தான் இருக்கும், பதமாக ஓட்ட வேண்டும். அந்த உண்மைதான் என்னைக் கவிழ்த்தது. முதல் வாரம் புளியரை செக்போஸ்ட் பக்கம் தேங்கிய தண்ணீரில் பின் சக்கரம் லேசாக அரக்கியபோது, புது டயர்தானே என்று விட்டுவிட்டேன். இரண்டாவது வாரமும் அரக்கியது. அதற்குள் நானூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருந்தேன். அன்றைக்கே வண்டியை நிறுத்தியிருக்க வேண்டும்.

ஜூன் மூன்றாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. தென்மலையில் ஒரு விசேஷ வீட்டுக்குப் போய்விட்டு நானும் மனைவியும் திரும்பி வந்துகொண்டிருந்தோம். நம்மூர்ச் சாரலைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொட்டுகிற மழை என்றால் ரோட்டைக் கழுவிவிட்டுப் போய்விடும். ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்றோடு வரும் இந்தத் தூற்றல் கழுவாது. ரோட்டில் கிடக்கும் மண்ணையும் லாரி சிந்தின டீசலையும் குழைத்துப் பூசிவிடும். அது தெரிந்துதான் முப்பதுக்கு மேல் போகாமல் இறங்கினேன்.

எஸ் வளைவில் இரண்டாவது திருப்பம். எதிரே லோடு லாரி ஒன்று முக்கிக்கொண்டு ஏறி வந்தது. இடது பக்கம் ஒதுங்கி, பின் பிரேக்கை லேசாகத்தான் மிதித்தேன். பின்சக்கரம் ஒரே வழுக்காக வெளிப் பக்கம் போய்விட்டது. அதைப் பிடித்து நிறுத்த நேரமே இல்லை. இரண்டு பேரும் இடப்பக்கம் விழுந்தோம். வண்டி எங்களை விட்டு ஐந்தாறு அடி தள்ளிப் போய் நின்றது. எனக்கு முழங்கால், முழங்கை சிராய்ப்பு. கையை ஊன்றிய மனைவிக்கு இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஹெல்மெட் இரண்டு பேரும் போட்டிருந்தோம், அவள் ஹெல்மெட்டில் நீளமாக ஒரு கீறல். லாரி டிரைவர் அங்கேயே நிறுத்திவிட்டார். பின்னால் வந்த ஆட்டோக்காரத் தம்பி செங்கோட்டை வரை கூட்டிவந்து காசே வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

இரண்டு நாள் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். மழை, இறக்கம், பின்னால் ஆள், கவனம் போதவில்லை என்று. மூன்றாம் நாள், எனக்கு ரொம்ப வருஷமாக வண்டி பார்க்கும் மெக்கானிக் அண்ணாச்சி, ஹேண்டில் பாரை நிமிர்த்த வந்தவர், பின் டயரைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஒரு துணியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து டயரின் பக்கவாட்டைத் தேய்த்தார். அந்த மினுமினுப்பு துணியில் கறுப்பாக இறங்கியது. உள்ளே இருந்தது சாம்பல் பூத்த, கொஞ்சம் பழுப்படித்த ரப்பர். கடையில் பாலிஷ் ஸ்பிரே அடித்திருக்கிறார்கள். பிறகு கட்டை விரலால் பட்டனை விரித்துப் பிடித்து, "இங்க பாருங்க தம்பி" என்றார். இரண்டு பட்டனுக்கு நடுவில் இருக்கும் பள்ளத்தின் அடியில் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. வறண்ட குளத்து மண் மாதிரி. விரிக்காமல் பார்த்தால் ஒன்றும் தெரியாது. என் விரல் நகத்தால் பட்டனை அழுத்தச் சொன்னார். நகம் இறங்கவில்லை, வழுக்கியது. முன் சக்கரத்தில் இருந்த, மூன்று வருஷம் ஓடின டயரில் அழுத்தினேன். நகம் பதிந்து தடம் மெல்ல மறைந்தது. ஓடின டயர் மெத்தென்று இருக்கிறது, ஓடாத டயர் கட்டை மாதிரி இருக்கிறது.

அப்புறம் செயின் பக்கம் குனிந்து, டார்ச் அடித்து, முட்டை வடிவக் குழி ஒன்றில் இருந்த நான்கு எண்ணைக் காட்டினார். 2716. முதல் இரண்டு எண் வாரம், அடுத்த இரண்டு எண் வருஷம். 2016ஆம் வருஷத்தின் 27ஆவது வாரம், அதாவது ஜூலை முதல் பாதி. நான் வாங்கியது 2024 மே மாதம். இந்த எண் சில டயர்களில் ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும். எனக்கு அது செயின் பக்கம் மாட்டப்பட்டிருந்தது.

'ஓடவே இல்லையே, எப்படிக் கெடும்?' என்று நானும்தான் நினைத்தேன். அண்ணாச்சி சொன்னதையும், அதற்கப்புறம் நான் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். ரப்பரைக் கந்தகம் சேர்த்துச் சூட்டில் வேகவைத்துத்தான் டயர் ஆக்குகிறார்கள். அந்த வேக்காடு தொழிற்சாலையோடு முழுசாக நின்றுவிடுவதில்லை. சூட்டிலும் காற்றிலுள்ள ஆக்சிஜனிலும் ரப்பர் வருஷா வருஷம் மெல்ல இறுகிக்கொண்டே போகிறது. காற்றில் இருக்கும் ஓசோன் வாயு மேல்பரப்பில் வெடிப்பை உண்டாக்குகிறது. இதைத் தடுக்க ரப்பரோடு ஒரு வகை மெழுகும் சில மருந்துகளும் கலக்கிறார்கள். வண்டி ஓடும்போது டயர் நசுங்கி விரிகிறதல்லவா, அந்த அசைவில்தான் அவை உள்ளிருந்து மேலே நன்றாகக் கசிந்து வந்து காப்பாற்றும். ஒரே இடத்தில் கிடக்கும் டயருக்கு அந்த அசைவு கிடையாது. பட்டன் தேயாததால் புதுசு போலத் தெரியும், ரப்பர் மட்டும் கிழடாகிக்கொண்டே போகும்.

கார் என்றால் நாலு சக்கரம் இருக்கிறது. பைக்கில் ஒரு டயர் ரோட்டைத் தொடும் இடம் உள்ளங்கை அகலம்கூட வராது. வளைவில் சாயும்போது அந்த உள்ளங்கைதான் நம்மைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இறுகின ரப்பர் ஈர ரோட்டில் பிடிக்காது. விழுந்ததற்கு டயர் ஒன்றுதான் காரணம் என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. ஆனால் ஒன்பது சாரல் காலம் அதே வளைவில் இறங்கியிருக்கிறேன், ஒரு தடவைகூடப் பின்சக்கரம் இப்படிப் போனதில்லை.

2012 செப்டம்பரில் இங்கிலாந்தில் ஒரு பேருந்து, முன் டயர் வெடித்து மரத்தில் மோதி 3 பேர் இறந்தார்கள். அந்த டயரின் வயது 19 வருஷத்துக்கும் மேல், பேருந்தைவிட மூத்த டயர். இறந்த ஒரு பையனின் தாய் பல வருஷம் போராடி, 2021 பிப்ரவரி 1 முதல் அங்கே லாரி, பஸ் முன் சக்கரங்களில் 10 வருஷத்துக்கு மேற்பட்ட டயர் போடக் கூடாது என்று சட்டமே வந்தது. அது பெரிய வண்டி, வேறு ஊர். ஆனாலும் வயது என்று ஒன்று டயருக்கு உண்டு என்பதை அந்தத் தாய் எத்தனை பேருக்குச் சொல்ல வேண்டியிருந்ததோ என்று நினைத்துக்கொண்டேன்.

சரி, கடைக்குப் போன கதை. டயரைக் கழற்றி எடுத்துக்கொண்டு அண்ணாச்சியோடு போனேன். "ஓடாத டயருக்கு வயசு ஏது சார்? டயர் என்ன பாலா, தயிரா, கெட்டுப் போறதுக்கு?" என்றார் கடைக்காரர். நம்பரைக் காட்டியதும், "நீங்க பார்த்துத்தானே வாங்கினீங்க" என்றார். மனைவியின் கைக் கட்டைப் பற்றிச் சொன்னபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கடைசியில், பாதி விலைக்கு வேறு டயர் தருகிறேன் என்று கை நீட்டியது அதே அடுக்கைத்தான். அன்றைக்குத்தான் அந்த அடுக்கை நின்று கவனித்தேன். தகரக் கூரை, அக்கினி நட்சத்திர வெயில் அப்படியே உள்ளே இறங்கும் இடம். அடியில் கிடந்த டயர்கள் பாரத்தில் அமுங்கி வாய் கோணியிருந்தன. ஒட்டினாற்போல ஏர் கம்ப்ரசர் மோட்டார். தீப்பொறி பறக்கும் மோட்டார் பக்கத்தில் ஓசோன் உண்டாகும், அதனால் டயரை அங்கே வைக்கவே கூடாது என்பார்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசி புகார் பதிந்தேன். அங்கே ஒரு கேள்வியில் மாட்டிக்கொண்டேன்: "பில்லில் என்ன எழுதியிருக்கிறது?" என் பில் துண்டுச் சீட்டு. 'டயர் 1' என்றும் தொகையும்தான். கம்பெனி பெயர் இல்லை, சைஸ் இல்லை, ஜிஎஸ்டி நம்பர் இல்லை. இந்த டயர்தான் அந்த டயர் என்று நிரூபிக்க ஒரு வழியும் இல்லை. தயவுசெய்து, டயர் வாங்கும்போது பில்லில் கம்பெனி, சைஸ், அந்த நான்கு எண் மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால் அந்தக் கடையே வேண்டாம். மாட்டுவதற்கு முன்னால் இரண்டு பக்கமும் உங்கள் கண்ணால் பாருங்கள், போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றே எண் இருந்தால் அது 2000க்கு முந்தின டயர், தொடவே வேண்டாம்.

அதற்காகப் போன வருஷத்து டயரைக் கண்டு பயப்படத் தேவையில்லை. நிழலில், குளுமையான இடத்தில் ஒழுங்காக வைத்திருந்த ஒன்றிரண்டு வருஷ டயர் நல்ல டயர்தான். மூன்று தாண்டினால் நான் வெடிப்பு பார்ப்பேன், நகம் வைத்துப் பார்ப்பேன். ஐந்து தாண்டினால் சும்மா கொடுத்தாலும் வாங்க மாட்டேன். இது என் கணக்கு. மிஷலின் கம்பெனி சொல்வது: மாட்டி 5 வருஷம் ஆன டயரை வருஷத்துக்கு ஒரு தடவையாவது தெரிந்தவரிடம் காட்ட வேண்டும், செய்த நாளிலிருந்து 10 வருஷம் ஆகிவிட்டால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாற்றிவிட வேண்டும், ஓடாத ஸ்டெப்னியையும் சேர்த்து.

இன்னொன்று. நம் பக்கம் வளைகுடாவுக்குப் போனவர்கள் வீட்டில் பைக் வருஷக்கணக்காகச் சும்மா நிற்கும். "மூவாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு, டயர்கூட கம்பெனி டயர்" என்று சொல்லி விற்பார்கள். அவர்கள் ஏமாற்றுவதாக நான் சொல்லவில்லை, அவர்களுக்கே தெரியாது. வாங்குகிறவர்கள் இரண்டு டயருக்கும் டியூபுக்கும் சேர்த்துக் காசு ஒதுக்கிவிட்டு விலை பேசுங்கள்.

மனைவிக்குக் கட்டுப் பிரித்துவிட்டார்கள், குடம் தூக்க இன்னும் முடியவில்லை. அந்த டயர் ஆதாரமாக வீட்டில்தான் இருக்கிறது. புகார் முடிந்ததும் அறுத்துத்தான் போடுவேன், பழைய இரும்புக் கடையில் முழுசாகக் கொடுத்தால் இன்னொருவர் வண்டியில் ஏறிவிடும். போன வாரம் பஸ்ஸில் அந்தக் கடையைத் தாண்டும்போது பார்த்தேன். அடுக்கு பாதியாகக் குறைந்திருக்கிறது. அதனால்தான் இன்றைக்கே உட்கார்ந்து எழுதினேன். ஏப்ரல், மே, ஜூனில் இந்தப் பக்கம் 'பழைய ஸ்டாக், புது டயர்' என்று வாங்கி மாட்டியவர்கள், இன்றைக்கே வண்டியைச் சென்டர் ஸ்டாண்டு போட்டுச் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். செயின் பக்கமும் பாருங்கள்.